நாற்பதைத் தாண்டி ஓடத் தொடங்குவது எப்படி? வலியில்லாமல் முதல் மூன்று மாதம்

காலை ஐந்தரைக்குத் தருமபுரி விளையாட்டு அரங்கத்துக்கோ கிருஷ்ணகிரியில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்துக்கோ போனால் நடப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களும் ஜனவரி பிறந்ததும் புது ஷூவோடு வருவார்கள். மார்ச்சில் அவர்களில் பாதிப் பேரைக் காணோம். கேட்டால் “நேரமில்லை” என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் முட்டி, குதிகால், கெண்டைக்கால் என்று உண்மை வெளியே வரும்.

இதற்கு ஒரு பொதுவான காரணம் உண்டு. ஓடத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசையும் சீக்கிரம் தேறும். எலும்பும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாரும் அப்படி இல்லை. அவை உறுதிப்பட மாதக்கணக்காகும். வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்து “அட, நமக்கும் வருதே” என்று தோன்றும். அன்றைக்குத்தான் இரண்டு சுற்று கூடுதலாக ஓடுவோம். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் மாதிரி, மேலே மஞ்சள், உள்ளே இன்னும் காய். வலி பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் தொடங்குகிறது.

ஆகவே கீழே சொல்லியிருக்கும் திட்டம் உங்கள் மூச்சுக்குச் சப்பென்று இருக்கும். காலுக்கு அதுதான் சரி.

“ஓடினா முட்டி தேஞ்சுடும்ணா, நடந்தா போதாதா?” என்று கேட்க ஊரில் நிச்சயம் ஒருவர் இருப்பார். நடந்தாலும் நல்லதுதான். ஆனால் அளவாக ஓடினால் முட்டி தேயும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு கணக்கில், உட்கார்ந்தே இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டித் தேய்மானம் இருந்தது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் அது சுமார் 3.5 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் மட்டும் 13 சதவீதத்துக்கு மேல். முட்டி நல்லா இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுவார்கள் என்பதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் பயப்பட எதுவும் இல்லை.

படி 1: உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்

பிரஷர், சுகர் இரண்டையும் பார்க்காமல் தொடங்க வேண்டாம். இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் தேவையில்லை, ஆரம்ப சுகாதார நிலையமே போதும். வீடு தேடி வந்து இவற்றைப் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், காரணமில்லாத மயக்கம், குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு, நெடுநாள் சிகரெட் பழக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் ஓடுவதற்கு முன் இதய டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், ஓடும் நாளில் அளவை எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் கேளுங்கள். பாக்கெட்டில் நாலு மிட்டாய் இருக்கட்டும். ஓடி முடித்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். சுகர் உள்ளவர்களுக்குச் சின்னக் கொப்புளம்கூட வலிக்காமல் புண்ணாகிவிடும்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பலர் அதற்கு முன் பல வருடம் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பல்லில் பழுப்புக் கறை மட்டும் என்றால் ஓட்டத்துக்குத் தடையில்லை. ஆனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, முதுகு குனிய மறுக்கிறது, பல மூட்டுகளில் ஒன்றாக வலி என்றால் அதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். சிறுவயதில் குடித்த தண்ணீரைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபுளோரைடு எலும்பிலும் தசைநாரிலும் படிந்து இறுக்கும். அந்த வலியை ஓடிச் சரிசெய்ய முடியாது.

படி 2: ஷூ

ஓடுவதற்கென்றே செய்த ஷூவாக இருக்கட்டும். மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு அப்போதுதான் தெரியும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையிலேயே பத்தடி ஓடிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். போட்டதும் வசதியாக இருப்பதுதான் நல்ல ஷூ. ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று கடைக்காரர் சொன்னால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். விலை அதிகமான ஷூ வலியைத் தடுக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பாகம் செத்துவிடும், மேலே புதிதாகத் தெரிந்தாலும்.

படி 3: இடம்

மண் மைதானமும் ஏரிக்கரையும் நல்லது. தார்ச்சாலையும் மோசமில்லை, ஆனால் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழுந்து இடுப்புப் பக்கம் வலி வரும். அரங்கத்தில் சுற்றுகிறவர்கள் ஒருநாள் இடப்பக்கமாகவும் மறுநாள் வலப்பக்கமாகவும் சுற்றலாம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரமும் சர்வீஸ் ரோடும் வேண்டவே வேண்டாம். அதுவும் மாங்காய் சீசனில் கூழ் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் இருட்டோடு இருட்டாக வரிசை கட்டும். சாலையில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் வலப்பக்கமாக, எதிரே வண்டி வருவது தெரிகிற மாதிரி ஓடுங்கள். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023இல் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள், அதையும் பார்த்துவையுங்கள். முதல் மூன்று மாதம் மேடு பள்ளம் உள்ள பாதையைத் தவிர்க்கவும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்.

படி 4: நடை, ஓட்டம், நடை

வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு ஓட்ட நாளுக்கு நடுவே ஒருநாளாவது இடைவெளி. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் வேகமான நடை. நடுவில் இப்படி:

வாரம் 1, 2: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு முறை
வாரம் 3, 4: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு முறை
வாரம் 5, 6: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஐந்து முறை
வாரம் 7, 8: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, நான்கு முறை
வாரம் 9, 10: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மூன்று முறை
வாரம் 11, 12: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இரண்டு முறை

இதற்கு முன் நடைப்பழக்கமே இல்லாதவர்கள், உடல் எடை அதிகம் உள்ளவர்கள் நாலு வாரம் வெறும் நடையில் கழித்துவிட்டு வாருங்கள். அட்டவணையில் எந்த வரியையும் இன்னும் இரண்டு வாரம் நீட்டலாம். தாண்டிக் குதிப்பது மட்டும் கூடாது.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று சந்தையில் தக்காளி என்ன விலை விற்றது என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. அந்தப் போலீஸ் தேர்வுப் பையன்கள் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள், அவர்கள் கணக்கு வேறு. ஆண்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் பரிசு வாங்கியவர்கள்தான் முதலில் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

படி 5: காலை எப்படி வைப்பது

குதிகாலா முன்பாதமா என்று யூடியூபில் பெரிய சண்டையே நடக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ஒன்றே ஒன்று பார்த்தால் போதும்: எட்டு, அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ள தூரம், நீளமாகப் போகிறதா? பாதம் உடம்புக்கு வெகு முன்னால் நீண்டு விழுந்தால் அதிர்ச்சி நேராக முட்டிக்குப் போகும். எட்டைக் கொஞ்சம் சுருக்கி, அடிகளின் எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டுங்கள். அரை நிமிடத்தில் வலது கால் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணி, அது 38 என்றால் 40 அல்லது 41 ஆக்கிப் பாருங்கள். சத்தமும் காட்டிக்கொடுக்கும்: ‘தொம் தொம்’ என்று கேட்டால் எட்டு நீளம்.

படி 6: வாசற்படிப் பயிற்சி

ஓடாத நாட்களில் பத்து நிமிடம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த வாரம் ஓட்டத்தை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன்.

வாசற்படி விளிம்பில் முன்பாதம் மட்டும் படியில் இருக்கும்படி நில்லுங்கள். சுவரையோ நிலைக்கதவையோ பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் எம்பி நின்று, ஒரு காலைத் தூக்கிவிட்டு, மற்ற காலின் குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். மூன்று எண்ணும் வரை இறக்கம் நீடிக்க வேண்டும். கெண்டைக்காலுக்குக் கீழே, குதிகாலுக்கு மேலே ஒரு கயிறு இழுபடுவது தெரியும். அந்தத் தசைநாருக்குத்தான் இந்த வேலை. ஒரு காலுக்கு எட்டில் தொடங்கிப் பதினைந்து வரை, மூன்று சுற்று. அப்புறம் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, இரண்டும் பத்துப் பத்து முறை. மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும் காலம் அது என்பதால் இந்தப் படி இன்னும் முக்கியம்.

படி 7: வலி வந்தால்

முதலில் வலியைப் பிரித்துப் பாருங்கள். மறுநாள் இரண்டு தொடையும் கெண்டைக்காலும் ஒரே மாதிரி வலித்து, இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் அது தசை வலி. பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும், ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் வருகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை எழும்போது இல்லையென்றால் அதே அளவில் தொடரலாம். மூன்றைத் தாண்டினாலோ காலை எழுந்ததும் இருந்தாலோ அட்டவணையில் இரண்டு வரி பின்னால் போங்கள். நொண்ட வைக்கும் வலியோடு ஓடவே கூடாது.

முட்டிச் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போதும் பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அதிகம்: எட்டைச் சுருக்குங்கள், இறக்கத்தை விடுங்கள், நாற்காலிப் பயிற்சியைக் கூட்டுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு வைக்கும் முதல் அடியில் குதிகாலில் முள் குத்துகிறது, பத்து அடி நடந்தால் குறைகிறது: உள்ளங்காலின் அடியில் பட்டையாக ஓடும் திசு நொந்திருக்கிறது. வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தி மெத்தென்ற செருப்புப் போடுங்கள். எழுவதற்கு முன் கட்டிலிலேயே பாதத்தை உங்கள் பக்கமாக இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து உள்ளங்காலில் உருட்டலாம். இது ஆற மாதக்கணக்காகலாம், பொறுமை வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறம் வலி: விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் நீளத்துக்குப் பரவியிருந்தால் எலும்பை ஒட்டிய எரிச்சல், அளவைக் குறைத்தால் அடங்கும். ஒரு விரல் நுனியால் மூடிவிடக்கூடிய புள்ளியில் மட்டும் சுரீர் என்றால், ராத்திரியும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அன்றே நிறுத்தி எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று அடுத்த நாளே ஓடப் போய்விடாதீர்கள். எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதும் இந்த இடத்தில் வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மிகத் தவறு. வலி மறையும், காயம் வளரும். வியர்த்து நீர் வற்றிய நேரத்தில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் கெடுதல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் அங்கேயே உட்கார்ந்து 108க்கு அழையுங்கள்.

படி 8: வெயிலும் சாப்பாடும்

மார்ச் முதல் ஜூன் வரை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். அரை மணி நேர ஓட்டத்துக்கு வெறும் வயிறோ ஒரு வாழைப்பழமோ போதும். முந்தின இரவு களி சாப்பிட்டால் ஓட முடியாது என்பதெல்லாம் கட்டுக்கதை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு இதைவிட என்ன வேண்டும்? கொள்ளுக் கடைசலையும் முட்டையையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், தசைக்குப் புரதம் வேண்டும்.

படி 9: விட்டுப்போனால்

கல்யாணம், திருவிழா, காய்ச்சல், மழை என்று விட்டுப்போகத்தான் செய்யும். ஒரு வாரம் விட்டால் அதே வரியில் தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டால் ஒரு வரி பின்னால். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் இரண்டு வரி பின்னால் போய்த் தொடங்குங்கள், அன்று மூச்சு எவ்வளவு லேசாக இருந்தாலும். காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சும்மா நடந்து பார்த்து, படி ஏறினால் நெஞ்சு படபடக்கவில்லை என்று தெரிந்த பிறகு ஷூவை எடுங்கள்.