குதிரை மேல் ஆடாமல் உட்கார

விழுந்துவிடுவோமோ என்று பயந்து முழங்காலை இறுக்கினால்தான் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும்; தொடையைத் தளர்த்தி, பிட்டத்தின் அடியில் இருக்கும் எலும்புகள் இரண்டும் சேணத்தில் சமமாகப் பதிகிற மாதிரி உட்காருங்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பார்வை முன்னால். கீழே பார்த்தால் தோளும் கூடவே குனியும்.

அப்புறம் அங்கவடி (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) இல்லாமல் பழகுவது, இதில்தான் பலன் அதிகம். விவரம் தெரிந்த ஒருவர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்ட, நீங்கள் அங்கவடியிலிருந்து காலை எடுத்துவிட்டு, முதலில் நடையில், பழகியபின் டிராட்டில் (நடையைவிட வேகமான துள்ளோட்டம்), அதன் முதுகு எழும்பி இறங்குவதை இடுப்பால் வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கினால் முதுகு விறைத்துவிடும். தடுமாறினால் பிடரி மயிரையோ சேணத்தின் முன்பக்கத்தையோ பிடியுங்கள், லகானைப் பிடித்துத் தொங்காதீர்கள், பாவம் அதன் வாய். தொடை நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும். களைத்த கால் தானாகவே இறுக்கத் தொடங்கும்.