அகத்தியிலிருந்து போர்ட் பிளேர்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் கிலோமீட்டரோடு ஒரு பயண நேரமும் சேர்ந்து வரும். தூரத்தை நம்பலாம், நேரத்தை நம்பி விடுப்பு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த வழியில் நேர் விமானமே இல்லாமல் இருக்கலாம். லட்சத்தீவில் இருக்கும் அகத்தியையும் அந்தமானில் இருக்கும் போர்ட் பிளேரையும் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் தூரம். அகத்தி 72.2 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, போர்ட் பிளேர் 92.7-இல். வித்தியாசம் 20.5 பாகை. நம் பக்கத்து அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு பாகைக்குச் சுமார் 109 கி.மீ. என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 2,240 கி.மீ. வந்துவிடும். வடக்கு தெற்கு வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை, அதை விட்டுவிடலாம். கூகுள் எர்த்தில் அளவுகோலை வைத்து இழுத்தாலும் இதே அளவுதான் கிடைக்கும்.

அடுத்து எந்த விமானம் என்று பாருங்கள், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அகத்தியின் ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான், தீவின் தென்கோடி முழுக்க அதுவேதான், இரண்டு பக்கமும் கடல். ஏர்பஸ் 320 மாதிரி ஜெட் அங்கே வந்து போக முடியாது, ஏ.டி.ஆர். போன்ற, இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம்தான். அதற்கு மணிக்கு 500 கி.மீ., ஜெட்டுக்கு 800 என்று வைத்துக்கொண்டு, ஏறி இறங்கி ஊர்ந்து நிற்பதற்கு ஒவ்வொரு பறப்புக்கும் அரை மணி நேரம் கூட்டுங்கள்.

கொச்சி, சென்னை வழியாக மாறி மாறிப் போவதாக வைத்துக்கொள்வோம். அகத்தி–கொச்சி சுமார் 465 கி.மீ., ஏறக்குறைய 1 மணி 25 நிமிடம். கொச்சி–சென்னை சுமார் 520 கி.மீ., ஜெட்டில் 1 மணி 10 நிமிடம். சென்னை–போர்ட் பிளேர் சுமார் 1,370 கி.மீ., 2 மணி 15 நிமிடம். மொத்தம் 2,355 கி.மீ. பாருங்கள், நேர்கோட்டைவிட 115 கி.மீ.தான் கூடுதல், சுற்றுவழி என்றே சொல்ல முடியாது! வானத்தில் இருப்பது 5 மணி நேரத்துக்குள்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் தென்னிந்தியாவுக்கு மேலே, ஜெட் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று அடிக்கும், அதனால் போர்ட் பிளேர் போகும்போது கொஞ்சம் கூடும், திரும்பும்போது குறையும்.

மிச்ச நேரமெல்லாம் தரையில் போகிறது. தனித்தனி டிக்கெட் என்றால் கொச்சியில் பெட்டியை எடுத்து வெளியே வந்து மறுபடி போட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளே போக வேண்டும். அதற்கு 4 மணி நேரமாவது விடுங்கள். அகத்தியில் மழை பிடித்துக்கொண்டால் விமானம் தாமதமாகும், ரத்தும் ஆகும். அதனால் அன்றைக்குச் சென்னையோடு நிறுத்தி, இரவு தங்கி, மறுநாள் காலை விமானத்தைப் பிடிப்பதுதான் சரி என்பேன்.

காலை விமானம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் 20.5 பாகை என்றால் சூரியனுக்கு 80 நிமிட வித்தியாசம். டிசம்பரில் போர்ட் பிளேரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், மூன்று மணிக்குப் போய் இறங்கினால் பெட்டியை அறையில் வைத்துவிட்டு வருவதற்குள் கடற்கரை இருட்டிவிடும்.