உறுமி லூப்பில் கேட்ட 'டிக்'

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் பொங்கலில் உறுமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் எனக்கு உயிர். ஆனால் ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பாக ஓடவிட்டால், சுற்று திரும்பும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். நாலு சுற்றுக்குள் தாளமும் மற்ற டிராக்கை விட்டு விலகிவிடும்.

முதலில் எம்பி3-யைக் கைவிட்டேன். அப்படிச் சேமித்தால் ஃபைலின் தலையில் துளி மௌனம் ஒட்டிக்கொள்கிறது. லூப்புக்கு அது ஆகாது. வேவ் ஃபைலை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, பகுதியைத் தேர்ந்தெடுத்து இசட் விசையை அழுத்தினேன். அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்துக்கு இரண்டு ஓரங்களும் நகர்ந்தன. அங்கே வெட்டியதும் 'டிக்' போயிற்று.

அப்புறம் வேகம். 16 அடிக்கு 7.5 வினாடி. 60-ஐ 16-ஆல் பெருக்கி 7.5-ஆல் வகுத்தால் 128 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 128 அடி. ப்ராஜெக்ட்டையும் 128-க்கே வைத்தேன். சரி, தாளம் உட்கார்ந்துவிட்டது.

கடைசி அடியின் முனகல் பாதியில் அறுந்ததைத்தான் மனசு ஏற்கவில்லை. நல்லவேளை, மேளக்காரர் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். வெட்டுக்கு அப்பால் மிஞ்சிய வாலை எடுத்து லூப்பின் தொடக்கத்தோடு கலந்தேன். இப்போது முனகல் அறுபடாமல் அடுத்த சுற்றுக்குள் இறங்குகிறது.