பழைய காக்ஸ் இன்ஜினுக்கு ஜோடி தேடிய கதை

மாதிரி விமானங்களை ஓட்டும் குட்டி இன்ஜினான என் காக்ஸ் .049 உடனே கிளம்பும், சூடேறியதும் திணறி நின்றுவிடும். முழுக்க ஆறினால்தான் மறுபடி உயிர் வரும். எரிபொருளைப் பற்றவைக்கும் கிளோ ஹெட்டை மாற்றினேன், எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகிப் பார்த்தேன், பலனில்லை. சந்தேகம் பிஸ்டன்-சிலிண்டர் ஜோடி மேல் போனது.

கொள்ளளவு சுமார் 0.8 சிசி, சிலிண்டரின் உள்விட்டம் 10.3 மில்லிமீட்டர். பிஸ்டனும் எஃகு, சிலிண்டரும் எஃகு, இடையில் ரிங் கிடையாது. காற்றை அடைப்பது அந்தப் பொருத்தம் மட்டுமே. அதனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று எதையும் எதிலும் போட முடியாது.

உதிரிக்காக வாங்கி வைத்த இன்ஜின்களின் சிலிண்டர்களைக் கழற்றி, உள்சுவரில் பழுப்பாகப் படிந்திருந்த ஆமணக்கெண்ணெய்ப் படலத்தை முதலில் நீக்கினேன். அது இருந்தால் தேய்ந்த ஜோடிகூட இறுக்கமாகத் தெரியும். அப்புறம் லேசான எண்ணெய் ஒரு துளி தொட்டு, பிஸ்டனை விரலால் மெதுவாக மேலே தள்ளினேன். கீழ்ப்பகுதியில் தாராளமாக நழுவி, உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் லேசாகப் பிடிக்க வேண்டும். ஒன்றில் கடைசிவரை பிடிப்பே இல்லை. இன்னொன்றில் பாதி வழியிலேயே இறுகியது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அடுத்ததில் சரியாக உட்கார்ந்தது.

பிஸ்டனுக்குள் அதைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் உருண்டைத் தலை ஆடுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். எரிபொருளில் எண்ணெய் 20 சதவீதம், பாதி ஆமணக்கெண்ணெய். ஊசியைத் தளர்த்தி, கொஞ்சம் ஓட்டி, ஆற விட்டு, மறுபடி ஓட்டினேன். இப்போது சூட்டிலும் புரொப்பெல்லரை ஒரு சுண்டு சுண்டினால் பிடிக்கிறது.