எந்த ‘அதிபர்’? ஆட்சி முறைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023-இல் தர்மன் சண்முகரத்னம் சிங்கப்பூர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, போட்டித் தேர்வுக்கு என்னிடம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டார்: “சார், அமெரிக்கா மாதிரி இனிமே அங்க அவர் வச்சதுதானே சட்டம்?” நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவரைத் தடுமாற வைத்தது நம் செய்தித்தாள் தமிழ். அமெரிக்கா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா எல்லாவற்றுக்கும் ‘அதிபர்’ என்று எழுதிவிட்டு, நம் நாட்டுக்கு மட்டும் ‘குடியரசுத் தலைவர்’ என்கிறோம். யாழ்ப்பாணத்தில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். நாட்டின் தலைவர் அங்கே ஜனாதிபதி.

பதவியின் பெயரை வைத்து ஆட்சி முறையை முடிவு செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பெயரை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: யார் யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும்?

அமெரிக்க அதிபரை நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்க வழியில்லை. பதவி நீக்க விசாரணை நடந்து, அந்நாட்டு மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழ வேண்டும். இதுவரை ஒருவர்கூட அப்படி நீக்கப்பட்டதில்லை. தென்னாப்பிரிக்காவிலோ அதிபரைத் தேர்ந்தெடுப்பதே தேசிய சட்டமன்றம்தான். அங்கே பெரும்பான்மை உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தால் பதவி போய்விடும். ஆகவே அவரை ஒப்பிட வேண்டியது நம் பிரதமரோடு. சிங்கப்பூர் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அன்றாட ஆட்சி பிரதமர் கையில். முந்தைய அரசுகள் சேர்த்துவைத்த நிதி இருப்பில் கைவைக்கும்போதும், முக்கியமான நியமனங்களின்போதும் ‘கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் அதிபருக்கு உண்டு.

ஆண்டைச் சொல்லாமல் ஒப்பிடுவது இன்னொரு பெரிய தவறு. “இலங்கையில் 1978 முதல் ஜனாதிபதி ஆட்சி முறை” என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். எந்த ஆண்டின் இலங்கை? 2015-இல் அரசியலமைப்பின் 19-ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தை வெட்டியது. 2020-இல் 20-ஆவது திருத்தம் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. 2022-இல் 21-ஆவது திருத்தம் மறுபடி கொஞ்சம் பிடுங்கியது. இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2018 அக்டோபர் 26 அன்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார். நவம்பரில் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். நாடாளுமன்றம் கூடி நாலரை ஆண்டு முடியுமுன் தன் விருப்பத்துக்குக் கலைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்று டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றே நாளில் ரணில் மீண்டும் பிரதமர். அந்தத் தீர்ப்புக்கு அடித்தளம் 19-ஆவது திருத்தம்.

குடியரசு என்றாலே மக்களாட்சி என்று நினைப்பதும் உண்டு. நாட்டுத் தலைவர் பதவி சட்டப்படி பரம்பரையாக வராத நாடு குடியரசு, அவ்வளவுதான். வடகொரியாவின் பெயரில் ‘ஜனநாயக’, ‘மக்கள்’, ‘குடியரசு’ மூன்றும் இருக்கின்றன. ஆனால் வாக்குப் போட்டு அரசாங்கத்தை மாற்ற மக்களால் முடியாது. நார்வேயிலும் ஜப்பானிலும் முடியாட்சி இருக்கிறது. ஆனாலும் அங்கே மக்கள் தங்கள் வாக்கால் அரசாங்கத்தை மாற்றுகிறார்கள்.

தேர்தல் முறையின் விளைவை ஆட்சி முறையின் தலையில் கட்டாதீர்கள். 2024-இல் பிரிட்டனில் தொழிற்கட்சி ஏறத்தாழ 34 சதவீத வாக்கில் 650 இடங்களில் 411 பிடித்தது. தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற தேர்தல் முறையின் விளைவு அது. நியூசிலாந்திலும் அதே வகை நாடாளுமன்ற ஆட்சிதான். ஆனால் 1996 முதல் அங்கே வாக்கு விகிதத்தை ஒட்டியே இடங்கள் கிடைப்பதால், தனிக் கட்சிப் பெரும்பான்மை என்பது அபூர்வம்.

கூட்டாட்சிக்கு வருவோம். இதைக் ‘கூட்டணி ஆட்சி’யோடு குழப்பிக்கொள்ளும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்துகிறேன். பல கட்சிகள் சேர்ந்து ஆள்வது கூட்டணி. மத்திக்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் பிரித்து எழுதப்பட்டிருப்பது கூட்டாட்சி. கூட்டாட்சிகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. அமெரிக்க செனட்டில் சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ ஆளுக்கு 2 இடம். நம் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். அமெரிக்காவில் மாநில ஆட்சியை நடத்துபவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநர்; அதிபரால் அவரை நீக்க முடியாது. தமிழ்நாட்டிலோ 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை, மாநில அரசு அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவின்கீழ் கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அப்படிக் கலைப்பது சரியா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்று சொன்ன 1994-இன் எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு அது அத்தனை எளிதல்ல.

சொல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஓர் ஆவணத்தைச் சொல்கிறேன். இலங்கை அரசியலமைப்பு அந்த நாட்டைச் சிங்களத்தில் ‘ஏகீய ராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒற்றையாட்சி அரசு’ என்றும் குறிக்கிறது. ஒற்றையாட்சி என்றால் கூட்டாட்சிக்கு எதிர்; இறுதி அதிகாரம் மத்தியிடமே. 2017-இல் வந்த புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை சிங்களச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்று மாற்றியது. இரு தரப்பிலும் அந்தச் சொற்களைச் சுற்றியே வாதம் ஓடியது. சொல்லை விட்டுவிட்டு அதிகாரம் எங்கே போனது என்று பாருங்கள். மறு ஆண்டு அக்டோபரில், மக்கள் தேர்ந்தெடுத்த வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போக, மாகாண நிர்வாகம் ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் கைக்குப் போனது.