9 மில்லிமீட்டரைப் பிறகு தொடுங்கள், முதலில் .22

குறிபார்த்துச் சுடப் பழகுகிறவர்கள் 9 மில்லிமீட்டர் பிஸ்டலில் தொடங்காமல் .22 பிஸ்டலில் (இரண்டும் குழல் விட்டத்தின் அளவு, .22 என்றால் 0.22 அங்குலம்) தொடங்கினால் ரவைக் காசு நிறைய மிச்சமாகும். .22 குண்டு ஏறக்குறைய 2.6 கிராம்தான், 9 மில்லிமீட்டர் குண்டு 7.5 அல்லது 8 கிராம் வரும், அதனால் .22-இல் உதைப்பு மிகக் குறைவு, வெடிக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வது, விசையை வெடுக்கென்று பறிப்பது எல்லாம் பழக்கமாக ஒட்டிக்கொள்ளாது. ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியே .22-இல்தான் நடக்கிறது, ஆகவே இதைச் சின்னப்பிள்ளைத் துவக்கு என்று தள்ள வேண்டாம்.

தற்பாதுகாப்புக்கென்றால் இந்தக் கணக்கு சரிவராது. ரவையின் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை என்பதால் .22 வெடிக்காமல் ஏமாற்றுவது கூடுதல், தாக்கமும் குறைவு, கடைசியில் 9 மில்லிமீட்டரின் உதைப்பையும் தனியாகப் பழகத்தான் வேண்டும். அப்புறம் இன்னொன்று, .22-ஐ ரவை இல்லாமல் சும்மா விசையைத் தட்டிப் பழகினால், ரவையை வெடிக்க வைக்கும் ஊசி, ரவை இருக்கும் அறையின் விளிம்பில் அடித்துப் பழுதாக்கலாம், போலி ரவை போட்டுத் தட்டுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எந்தத் துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வயலில் பன்றி விரட்டும் பன்னிரண்டு போர் (12-bore) துவக்குக்கும் அது வேண்டும், ஆனால் மேலே பிஸ்டல் பழகுவதைப் பற்றிச் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது.