ஒரு மெழுகுவர்த்தி, இரண்டு மொழிகள்: ஆங்கில, கிரேக்கச் சொற்களைப் பழகும் முறை

கிரேக்க எழுத்துகள் தெரியாதவர்களும் இதைத் தொடரலாம். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன்.

படி 1: மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை வையுங்கள். சொல் அட்டைகளைப் புரட்டும் செயலிகள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நோட்டும் பென்சிலும் போதும். மெழுகுவர்த்திக்கு ஆங்கிலத்தில் கேண்டில், கிரேக்கத்தில் கெரீ. திரி: விக், ஃபித்தீலி. சுடர்: ஃபிளேம், ஃப்லோக.

படி 2: நோட்டில் எழுதும் முறை. பலரும் சறுக்கும் இடம் இது. என்னையும் நெடுநாள் படுத்தியது. கிரேக்கச் சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். அந்த அசையை மட்டும் நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுங்கள். கெரீ என்பதில் அழுத்தம் கடைசியில். ஃப்லோக என்பதில் முதலில். பிறகு தமிழ் ஒலிமரபே பாதி வேலையைச் செய்துவிடும். பண்டிகைக்கு ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி லம்பாத. அதில் வரும் 'ம்ப', 'கம்பம்' என்பதில் வருவதுதான். 'த'வைப் 'பாதம்' என்பதில் போல மென்மையாகச் சொல்லுங்கள். ஃப்லோகவின் 'க' நம் 'அகல்' விளக்கின் 'க'. ஃபித்தீலியில் மட்டும் 'த்' விடுபட்டால் ஒலி மென்மையாகிக் கெட்டுவிடும். ஐயம் வந்தால், சொற்களின் உச்சரிப்பு ஒலிப்பதிவுகள் உள்ள ஃபோர்வோ தளத்தில் கேட்டுப் பாருங்கள்.

படி 3: ஏற்றுங்கள், அணையுங்கள். ஏற்றுவது லைட், அனாவொ. அணைப்பது கிரேக்கத்தில் ஸ்வீனொ. முதல் ஒலி தேனீ ரீங்கரிப்பது போல அதிரும். மின்விளக்குக்கும் இதே சொல்தான், நாம் 'விளக்கை அணை' என்பது போல. ஆங்கிலம்தான் கறார்: ஊதி அணைத்தால் ப்ளோ அவுட், குவிந்த மூடியைக் கவிழ்த்து அணைத்தால் ஸ்னஃப் அவுட், மின்விளக்கென்றால் டர்ன் ஆஃப். அந்த மூடிக்கு ஸ்னஃபர் என்று பெயர்.

படி 4: கந்தீலியைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். காதுக்குக் கேண்டில் போலவே இருக்கும், இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் வழிவந்தவைதாம். ஆனால் கந்தீலி எண்ணெய் விளக்கு. கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர், அதன்மேல் ஆலிவ் எண்ணெய், எண்ணெயில் மிதக்கும் தக்கை, தக்கையின் நடுவே சிறு திரி. கிரேக்க வீடுகளில் திருவுருவப் படங்களின் முன் எரிவது இது. லம்பாதவோ ஈஸ்டருக்கு உரியது. ஞானப் பெற்றோர் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவார்கள். சனிக்கிழமை நள்ளிரவில் கோவிலில் ஏற்றிய சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் நிலையின் மேற்கட்டையில் அதன் புகைக்கரியால் சிலுவை இடுவதும் உண்டு.

பின்சேர்க்கை: கேண்டில்லைட்டுக்கு என்ன என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஒற்றைச் சொல்லாகத் தேடாதீர்கள். மெழுகுவர்த்தியின் வெளிச்சம் என்றே சொல்லலாம்: தொ ஃபோஸ் து கெரியூ. கேண்டில்லைட் டின்னர் என்றால் தீப்னொ மெ கெரியா, அதாவது மெழுகுவர்த்திகளோடு இரவுச் சாப்பாடு. இங்கே தீப்னொவின் முதல் 'தீ' நம் நெருப்பைக் குறிக்கும் 'தீ' அன்று. ஆங்கிலத்தின் 'திஸ்' போல மென்மையாகத் தொடங்க வேண்டும். சொல்லின் முதலில் வரும்போது தமிழ் ஒலிமரபு உதவாது என்பதால் அதன்கீழ் ஒரு கோடு போட்டு வையுங்கள்.